பெயரில்லாக் கடிகாரம்

சென்ற தவணை முடிவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் மணியடித்த பின்னரும் வீடு செல்லாமல் என் மேசையருகே தயங்கி நின்றான். அவன் கையில் மூடி நசுங்கிய தகரப் பெட்டி ஒன்று இருந்தது. அதைத் திறந்து, மல்லுத் துணியிற் பொதிந்திருந்த பொருளொன்றை எடுத்து என்முன் வைத்தான். சட்டைப்பையில் வைக்கும் பழங்காலத்துக் கடிகாரம். கண்ணாடி இல்லை, நிமிட முள் இல்லை. முகத்தட்டில் இலக்கங்கள் இருந்தன, பெயரில்லை. பின்மூடியில் ஒரு புகையிரத இயந்திரத்தின் உருவம் தேய்ந்து தெரிந்தது.

"சேர், இதைச் செய்தவர் யாரென்று கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டான்.

பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியனாகிய எனக்கு ஊசலின் அலைவுகாலத்தைக் கரும்பலகையில் நிறுவிக் காட்டுவது எளிது. ஒரு பழைய கடிகாரத்தின் குலம் கோத்திரம் விசாரிப்பது வேறு வகையான வித்தை. ஆயினும் கேட்ட பிள்ளையின் முகம் "தெரியாது" என்று சொல்லித் தட்டிக்கழிக்க விடவில்லை.

அவன் குடும்பம் மீரியபெத்தைத் தோட்டத்தைச் சேர்ந்தது. கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள அத்தோட்டத்தின் பெயரை இந்நாட்டார் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடிய இடம் அது. இம்மாணவனின் வீட்டார் உயிர் தப்பினர். ஆனால் லயத்து அறையும், அதிலிருந்த பிறப்புச் சான்றிதழ்களும், கலியாணப் படங்களும், பாட்டன் பூட்டன் காலத்துப் பத்திரங்களும் மண்ணுக்குள் போயின. இக்கடிகாரம் மாத்திரம் பழுது பார்ப்பதற்காகப் பதுளையிலுள்ள சிற்றப்பன் வீட்டுக்கு முன்னரே வந்து, திருத்தப்படாமலே கிடந்தமையால் பிழைத்தது. அக்குடும்பத்தில் 2014க்கு முற்பட்ட பொருளென்று சொல்ல இஃதொன்றே எஞ்சியிருந்தது.

இதற்கொரு கதையும் உண்டு. அவனுடைய பூட்டனாரின் உழைப்பை மெச்சி, அக்காலத்து வெள்ளைக்காரத் துரை தம் கையாலேயே பரிசளித்த இங்கிலாந்து வெள்ளிக் கடிகாரம் இது என்பது குடும்பத்தார் நம்பிக்கை. அண்மையில் பழம்பொருள் வாங்கும் வியாபாரி ஒருவர் இதைப் பார்த்து, "இங்கிலாந்து வெள்ளிதான் என்றால் நல்ல விலை தருவேன்" என்று சொல்லிப் போயிருக்கிறார். பையனின் தாயாருக்கு ஒரு தையல் இயந்திரம் வாங்கிக் கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து விடுபட வேண்டுமென்று நெடுநாள் ஆசை. விற்பதா, வைத்திருப்பதா என்று வீடு இரண்டுபட்டிருந்தது. ஆகவே அவன் கேட்ட கேள்வியில் ஒரு குடும்பத்தின் பெருமையும் ஒரு தாயின் விடுதலையும் தொங்கிக்கொண்டிருந்தன.

முகத்தில் எழுதிய பெயர் யாருடையது?

கடிகாரத்தின் முகத்தட்டில் ஒரு பெயர் இருந்தால் அவரே அதனைச் செய்தவர் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மை பெரும்பாலும் அப்படியன்று. முகத்திலுள்ள பெயர் விற்றவருடையதாக இருக்கலாம். வெளிக்கூட்டைப் பூட்டிக் கொடுத்தவருடையதாக இருக்கலாம். ஒரு வியாபாரக் குறியாக மாத்திரமும் இருக்கலாம். உள்ளே ஓடும் யந்திரத்தைச் செய்தவர் வேறொருவர்.

சுவிற்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியில் இத்தொழில் வளர்ந்த முறையே இதற்குக் காரணம். அங்கே ஒரு பட்டறை தட்டும் பாலமும் செய்யும். இன்னொன்று பற்சக்கரம் அறுக்கும். வேறொன்று முகத்தட்டுக்கு எனாமல் பூசும். மற்றொன்று கூடு வார்க்கும். அரைகுறையாகச் செய்து முடித்த யந்திர உடலை அவர்கள் 'எபோஷ்' என்று அழைத்தனர். 1793இல் தோன்றிய பொன்தெமெலோன் தொழிற்சாலை எபோஷ் செய்வதிலே பெயர் பெற்றது. 1896இல் அடோல்ப் ஷில்ட் என்பவர் கிரென்ஹென் நகரில் நிறுவிய ஆலையும் அவ்வாறே. இவர்களிடம் யந்திரத்தை வாங்கி, மெருகிட்டு, தம் பெயரைப் பொறித்து விற்ற கம்பனிகள் எண்ணிறந்தவை. 1926இல் பொன்தெமெலோன், ஷில்ட், மிஷெல் ஆகிய மூன்று ஆலைகளும் ஒன்றுகூடி 'எபோஷ் எஸ்.ஏ.' என்ற கூட்டு ஸ்தாபனத்தை அமைத்தன. வெவ்வேறு பெயருடைய இரு கடிகாரங்களைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரே யந்திரம் இருப்பதன் மர்மம் இதுதான்.

நம் பக்கத்து நாட்டிலும் இதற்கு உதாரணங்கள் உண்டு. பம்பாயிலும் கல்கத்தாவிலும் கடை வைத்திருந்த வெஸ்ற் எண்ட் கம்பனியின் பெயரைத் தாங்கிய கடிகாரங்களை அக்காலத்துப் படைவீரரும் புகையிரத உத்தியோகத்தரும் விரும்பி அணிந்தனர். அவற்றின் யந்திரங்களோ சுவிற்சர்லாந்திலே பிறந்தவை. 1961இல் பெங்களூரில் எச்.எம்.ரி. ஸ்தாபனம் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியபோது, யப்பானின் சிற்றிசன் கம்பனி தொழில்நுட்பத்தைக் கற்றுக் கொடுத்தது. அந்தப் பழைய 'ஜனதா'வைத் திறந்தால் இந்தியப் பெயரின் பின்னால் யப்பானிய அமைப்பைக் காணலாம். 2016இல் அத்தொழிற்சாலைகளை மூட இந்திய அரசு முடிவெடுத்தது. ஆனால் அவர்கள் செய்த கடிகாரங்கள் இன்னமும் பல வீடுகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆதலால், செய்தவரை அறிய விரும்புவோன் முகத்தை விட்டு உள்ளே செல்லவேண்டும்.

ஏமாற்றும் சொற்கள்

மறுநாள் சனிக்கிழமை. பதுளைக் கடைவீதியில், ஒரு துணிக்கடையின் படிக்கட்டுக்குக் கீழே, தகப்பனிடம் தொழில் பயின்று அறுபது வயதைக் கடந்துவிட்ட கடிகாரம் திருத்துபவர் ஒருவர் இருக்கிறார். மாணவனை அழைத்துக்கொண்டு அவரிடம் சென்றேன். வியாபாரி தந்த நம்பிக்கை பையன் முகத்தில் பளிச்சிட்டது. போகும் வழியிலேயே, "சேர், மூடிக்கு உட்புறத்தில் 'பிரெவெட்' என்று எழுதியிருக்கிறது. அவர்தான் செய்தவராக இருக்குமோ?" என்றான்.

அவனைக் குறை சொல்வதற்கில்லை. படித்த பெரியவர்களும் வழுக்கி விழும் இடம் அது. பழைய கடிகார மூடிகளில் பிரெஞ்சுச் சொற்கள் பல காணப்படும். 'பிரெவே' என்றால் காப்புரிமை. 'தெப்போசே' என்றால் பதிவு செய்யப்பட்டது. 'ரெமொந்துவார்' என்பது தனித் திறவுகோல் இன்றிக் குமிழைத் திருகிச் சாவி கொடுக்கும் வகை. 'ஆங்க்ர்', 'சிலாந்த்ர்' என்பன உள்ளே சக்கரத்தை விட்டுவிட்டுப் பிடிக்கும் தடுப்புறுப்பின் இரு வகைகள். 'ருபி' என்பது அச்சு தேயாதபடி பதித்த கற்களின் தொகையைக் குறிக்கும். 'ஸ்பிரால் பிரெகே' என்று கண்டால் புகழ்பெற்ற பிரெகே செய்த கடிகாரம் கிடைத்துவிட்டதென்று துள்ள வேண்டாம். அது பிரெகே என்பவர் வகுத்த வடிவில் வளைக்கப்பட்ட மயிர்வில் என்பதே பொருள்.

எங்கள் கடிகாரத்தின் மூடியில் 'பிரெவே'யுடன் இன்னொரு சொல்லும் இருந்தது. 'ஆர்ஜந்தான்'. அந்த வியாபாரி இதைத்தான் வெள்ளி என்று வாசித்திருக்க வேண்டும். பிரெஞ்சு மொழியில் 'ஆர்ஜான்' என்றால் வெள்ளி என்பது உண்மையே. ஆனால் 'ஆர்ஜந்தான்' என்பது செம்பு, நாகம், நிக்கல் மூன்றும் கலந்த உலோகம். வெள்ளி போல் ஒளிரும். குன்றிமணி அளவு வெள்ளியும் அதில் இல்லை.

மெய்யான இங்கிலாந்து வெள்ளியாயின் அதில் நடந்து செல்லும் சிங்க முத்திரை இருக்கும். அதனருகே எந்த நகரிற் சோதிக்கப்பட்டதென்பதும் பொறிக்கப்பட்டிருக்கும். பேர்மிங்காம் நகருக்கு நங்கூரம் அடையாளம். 1880ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் சுவிற்சர்லாந்து வெள்ளிக்குக் கரடி முத்திரையும், சற்றுத் தாழ்ந்த தரத்துக்குக் காட்டுக்கோழி முத்திரையும் இடப்பட்டன. எங்கள் மூடியில் சிங்கமும் இல்லை, கரடியும் இல்லை. ஒரு சிறு சிலுவைக் குறி மாத்திரம் இருந்தது; அதன்பின் இருந்த இலக்கங்கள் தேய்ந்துவிட்டன. சிலுவைக் குறியும் இலக்கமும் சேர்ந்து வந்தால் அது சுவிற்சர்லாந்துக் காப்புரிமை எண். அந்நாட்டில் காப்புரிமைச் சட்டமே 1888இல்தான் வந்தது. ஆகவே இக்கடிகாரம் அதற்கு முன்னர் பிறந்ததன்று என்பது உறுதியாயிற்று.

வெள்ளியன்று, இங்கிலாந்துமன்று. பையன் ஒன்றும் பேசவில்லை. திருத்துபவர் கண்ணிற் செருகிய பூதக்கண்ணாடியை இறுக்கிக்கொண்டு, "கூட்டைத்தானே பார்த்தோம், இனி மெஷினைப் பார்ப்போம்" என்றார்.

யந்திரத்தின் கைரேகை

யந்திரத்தை அடையாளம் காணும் முறையை வரிசையாகச் சொல்கிறேன். வீட்டில் பழங்கடிகாரம் வைத்திருக்கும் மாணவர்களுக்கு உதவும்.

முதலில் அளவு. தட்டின் குறுக்களவைக் கணிக்க வேண்டும். கடிகாரத் தொழிலார் இன்றும் 'லீன்' என்னும் பழைய பாரிஸ் அளவையையே கையாளுகின்றனர். பாரிஸ் அங்குலம் ஒன்றில் 12 லீன். ஒரு லீன் ஏறத்தாழ 2.256 மில்லிமீற்றர். எங்கள் யந்திரம் 43 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. அதாவது 19 லீன்.

இரண்டாவது, முத்திரை. பலன்ஸ் என்று திருத்துவோர் அழைக்கும் அசையும் சக்கரத்தின் அடியில், பெரிய தட்டின்மேல், செய்தவரின் குறியும் யந்திர இலக்கமும் மிகச் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். ஏ.எஸ். என்ற எழுத்துகள் ஷில்ட் ஆலையையும், எப்.எச்.எப். என்பன பொன்தெமெலோன் ஆலையையும், ஈற்றா என்பது அப்பெயருடைய ஆலையையும் குறிக்கும். எழுத்தும் இலக்கமும் தெளிவாகக் கிடைத்தால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

மூன்றாவது, தொடர் இலக்கம். அமெரிக்காவின் வோல்தம், எல்ஜின் கம்பனிகள் தம் யந்திரங்களுக்கு வரிசை எண் இட்டன. அந்த எண்ணைக்கொண்டு செய்த ஆண்டை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். சுவிற்சர்லாந்தின் லோன்ஜீன் கம்பனி 1867இல் முதலாம் இலக்கத்திலிருந்து தொடங்கி எண்ணிட்டுப் பதிவேடுகளைப் பேணிவந்திருக்கிறது.

நான்காவது, முகத்தட்டைக் கழற்றிய பின் தெரியும் அமைப்பு. முத்திரை இல்லாத யந்திரங்களுக்கு இதுவே கைரேகை. சாவிக் குமிழை வெளியே இழுத்தால் முள்ளைத் திருப்பவும், உள்ளே தள்ளினால் சாவி கொடுக்கவும் செய்யும் சிறு நெம்புகோலும் அதன் வில்லும் அங்கே உள்ளன. ஒவ்வோர் ஆலையும் அந்த வில்லை ஒவ்வொரு வடிவில் வெட்டிற்று. உதிரிப்பாகம் விற்போர் இவ்வடிவங்களையெல்லாம் வரைந்து பட்டியல் நூல்களாக வெளியிட்டிருக்கின்றனர். ஒருவன் விரல் ரேகையைப் பொலிசார் ஒப்புநோக்குவது போல, வில்லின் வளைவை அந்நூற் படத்துடன் ஒப்பிட்டுச் செய்தவரைக் கண்டுகொள்ளலாம்.

ஐந்தாவது, சக்கரங்களின் ஒழுங்கும் தடுப்புறுப்பின் வகையும். எங்களுக்கு உண்மையைச் சொன்னது இதுவே.

பலன்ஸின் அடியில் முத்திரை இல்லை. தொடர் இலக்கமும் இல்லை. ஆனால் பாலங்களை நீக்கிய திருத்துபவர், "இங்கே பாருங்கள், நடுச்சக்கரத்தைக் காணோம்" என்று சிரித்தார். சாதாரணக் கடிகாரத்தின் மத்தியில் மணிக்கு ஒரு முறை சுற்றும் சக்கரம் ஒன்று உண்டு. நிமிட முள்ளைத் தாங்குவது அதுவே. இதில் அது கிடையாது. சுருள்வில் அடங்கிய பெட்டி பெரிதாகச் செய்யப்பட்டு மத்தியையும் மூடிக்கொண்டு நின்றது. முட்களுக்குரிய இயக்கம் அப்பெட்டியிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தது. அடுத்து, தடுப்புறுப்பில் மாணிக்கக் கற்களுக்குப் பதிலாக இரண்டு மெல்லிய உருக்கு ஊசிகள் நின்றன. இவ்விரு அடையாளங்களும் சேர்ந்து வந்தால் ஐயத்துக்கு இடமில்லை. இது ரொஸ்கொப் முறை யந்திரம்.

தொழிலாளிக்கென்று ஒரு கடிகாரம்

ஜோர்ஜ் பிரெடரிக் ரொஸ்கொப் 1813இல் ஜெர்மனியின் பாடன் பகுதியிற் பிறந்து, இளம் பருவத்திலே சுவிற்சர்லாந்தின் லா ஷோ-த-பொன் நகருக்கு வந்து தொழில் கற்றவர். அக்காலத்தில் நல்ல கடிகாரம் செல்வரின் அணிகலன். மலிந்த கடிகாரமோ நேரம் காட்டாது. கூலிக்கு உழைப்பவனும் வாங்கத்தக்க விலையில், ஆனால் நம்பத்தக்கதாக, ஒரு கடிகாரம் செய்யவேண்டும் என்பது ரொஸ்கொப்பின் வாழ்நாள் எண்ணம். இருபது பிராங்கு அவர் வகுத்த விலை.

விலையைக் குறைக்க அவர் தரத்தைக் குறைக்கவில்லை, உறுப்புகளைக் குறைத்தார். நடுச்சக்கரத்தை நீக்கினார். கல்லுக்குப் பதிலாக உருக்கு ஊசி வைத்தார். கூட்டுக்கு வெள்ளியை விட்டுச் சாதாரண உலோகத்தை எடுத்தார். 57 உறுப்புகளில் யந்திரம் முடிந்தது. 1867இல் விற்பனைக்கு வந்த அக்கடிகாரத்துக்கு 'பாட்டாளி' என்றே பெயர். அவ்வாண்டு பாரிஸிலே நடந்த உலகக் கண்காட்சியில் அதற்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

அந்நாளில் சுவிற்சர்லாந்தில் காப்புரிமைச் சட்டம் இல்லாமையால் அவருடைய முறையைப் பலரும் எடுத்துக்கொண்டனர். 1873இல் அவர் தம் தொழிலை வேறு இரு நிறுவனங்களுக்குக் கைமாற்றினார், 1889இல் காலமானார். அவருக்குப் பின்னரும் பற்பல ஆலைகள் 'ரொஸ்கொப் முறை' என்று பொறித்தும் பொறிக்காமலும் இலட்சக்கணக்கிற் செய்து உலகெங்கும் அனுப்பின. ஆகையால் ஒரு கடிகாரத்தில் ரொஸ்கொப் என்று எழுதியிருந்தாலும் அது செய்தவர் பெயரன்று, செய்த முறையின் பெயர் என்று கொள்வதே பொருந்தும். பின்மூடியிற் புகையிரத இயந்திரம் பொறித்து விற்பதும் இவ்வகைக் கடிகாரங்களில் மிகுந்த வழக்கம். பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924இல். அந்தப் படத்தைக் கண்டு நம்மவர் மனம் மகிழ்ந்திருப்பர் என்பதில் வியப்பில்லை.

திருத்துபவர் எண்ணெய் பிசுக்கைக் கழுவி, ஊசிமுனை அளவு புது எண்ணெய் இட்டு, மெல்லச் சாவி கொடுத்தார். ரொஸ்கொப் யந்திரத்தின் ஓசை பலமானது. 'டக் டக்' என்று அது பேசத் தொடங்கியதும் பையன் முகத்தில் மகிழ்ச்சியும் துயரமும் ஒருங்கே தோன்றின. "இதை அப்பாயியிடம் எப்படிச் சொல்வேன், சேர்? துரை கொடுத்த வெள்ளிக் கடிகாரம் என்றல்லவா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறோம்?"

ஒரு கணம் எனக்கும் சபலம் தட்டியது. 'பழைய சுவிஸ் கடிகாரம்' என்று மட்டும் சொல்லிவிட்டால் பொய்யுமாகாது. குடும்பப் பெருமையும் குலையாது. வியாபாரியும் ஒருவேளை ஏமாந்து வாங்கிப் போவார். ஆனால் ஆய்கூடத்தில் "அளவீடு எப்படி வந்ததோ அப்படியே எழுது" என்று நாள்தோறும் சொல்லுகிற வாயால் அதைச் சொல்ல முடியுமா? யந்திரம் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதைப் பிரித்துச் சொல்வோம் என்று முடிவு செய்தேன். இது எவ்வகை என்று யந்திரம் சொல்லும். யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை அது சொல்லாது.

அப்பாயி சொன்ன சாட்சி

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சிற்றப்பன் வீட்டுக்குப் போனோம். விடுமுறைக்காகத் தாயாரும் வந்திருந்தார். எழுபத்தைந்து வயதைத் தாண்டிய அப்பாயி பாயில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். வெள்ளியில்லை, இங்கிலாந்தில்லை, கூலிக்காரர் வாங்குவதற்கென்று செய்யப்பட்ட மலிவுக் கடிகாரம் என்று என்னால் இயன்ற அளவு மென்மையாகச் சொன்னேன். வீடு அமைதியாயிற்று. அப்பாயி உரலை ஒருபுறம் வைத்தார்.

"மாஸ்டரையா, அது தொர குடுத்தது இல்லேன்னு எனக்குத் தெரியும். எங்க மாமியா சொல்லியிருக்காங்க. ஒரு நா பெரட்டுக்கு நேரத்துக்குத்தான் போனாராம் மாமா. பிந்தி வந்தேன்னு அரப்பேரு போட்டுட்டாங்க. இல்லேன்னு சொல்ல இவருகிட்ட என்ன இருக்கு? ரெண்டு வருசம் கைக்காசு சேத்தாரு. தீவாளிக்கு மாமியாளுக்கு ஒரு சீல எடுக்காம இத வாங்கிட்டு வந்தாரு. அந்தக் கோவத்த மாமியா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாங்க."

வெளியூர் வாசகர்களுக்காகச் சிறிது விளக்கம் கூறவேண்டும். விடியற்காலையில் தப்பு முழங்கத் தொழிலாளர் ஒன்றுகூடும் இடம் பிரட்டுக்களம். பிரட்டு என்பது ஆங்கிலப் பரேட்டின் திரிபு. அரைப்பேர் என்றால் அரைநாட் சம்பளம் மட்டும் பதியப்படுதல். கைக்காசு என்பது வழக்கமான வேலைக்கு மேலாகப் பறித்த கொழுந்துக்குக் கையிலே தரும் பணம். தோட்டத்தில் நேரத்தின் உடைமை துரையிடமும் கணக்கப்பிள்ளையிடமுமே இருந்தது. 1906இல் இலங்கை முழுவதற்கும் ஒரே நியம நேரம் வகுக்கப்பட்ட பின்னரும், லயத்து மனிதனுக்குத் தப்பின் ஒலியே நேரம். அந்த உலகத்தில் ஒரு தொழிலாளி தன் பையில் நேரத்தை வைத்திருக்க ஆசைப்பட்டது சிறிய செய்தியன்று.

"அப்படியானால் துரை கொடுத்ததென்ற கதை எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. தொர குடுத்ததுன்னா நாலு பேரு மதிப்பாங்க. சொந்தக் காசுல வாங்கினதுன்னா யாரு மதிக்கிறா? நானும் வாய மூடிக்கிட்டேன்."

"கடிகாரம் வாங்கிய பின் அரைப்பேர் போடுவதை நிறுத்தினார்களா, அப்பாயி?" என்று பையன் ஆவலோடு கேட்டான்.

"அத மாமியா சொல்லல, ராசா."

சான்று கேட்கும் உலகம்

வீடு திரும்பும்போது என் மனம் வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. பிந்தவில்லை என்பதற்குச் சான்றில்லாமல் அரைநாட் கூலியை இழந்தவர் அந்தப் பூட்டனார். பின்னர் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனோ இம்மண்ணிற் பிறந்தமைக்குச் சான்று காட்டு என்று அவர் சந்ததியைக் கேட்டது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயங்களில் எதைக் காட்டுவார்கள்? 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்று ஒதுக்கி வைத்தது. எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. அவ்வாறு அரும்பாடுபட்டுச் சேர்த்த கடதாசிகளையும் 2014இல் ஒரு காலைப்பொழுது மூடிப்போயிற்று.

ஆகையால், இத்தகைய வீடுகளிலே எஞ்சியுள்ள பழைய பொருள் ஒவ்வொன்றையும் பற்றி உண்மையை எழுதி வைப்பது கடமை என்று நினைக்கிறேன். பழங்கடிகாரம் வைத்திருப்போருக்குச் சில சொற்கள். மூடியைக் கத்தியால் நெம்ப வேண்டாம். கூட்டைத் துலக்க வேண்டாம், முத்திரைகள் அழிந்துபோகும். இருளில் ஒளிரும் முகத்தட்டுள்ள பழைய கடிகாரங்களில் ரேடியம் பூசப்பட்டிருக்கலாம்; அதைச் சுரண்டுவது உடலுக்குக் கேடு. அனுபவமுள்ளவர் கையால் திறந்து, முத்திரையையும் இலக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள். அதைவிட முக்கியம், வீட்டிலுள்ள முதியவரை அருகிலிருத்தி அதன் கதையைக் கேளுங்கள். யந்திரம் பாதிதான் சொல்லும். மற்றப் பாதி அவர்களிடம் இருக்கிறது.

பின்னர் அந்த வியாபாரி வந்து, வெள்ளியில்லை என்றறிந்ததும் பழைய விலையிற் பத்தில் ஒரு பங்கு சொன்னாராம். அதுவரை விற்றுவிடலாம் என்றிருந்த தாயாரே, "இது விக்கிறதுக்கில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தையல் இயந்திரத்துக்குச் சீட்டுக் கட்டத் தொடங்கியிருக்கிறார் என்று கேள்வி.

தவணை தொடங்கிய நாளில் மாணவன் அந்தத் தகரப் பெட்டியை மறுபடியும் கொணர்ந்து காட்டினான். உள்ளே மடித்து வைத்த தாளொன்றில் தன் கையெழுத்தால் எழுதியிருந்தான்:

"நாடு: சுவிற்சர்லாந்து. காலம்: 1888க்குப் பின். முறை: ரொஸ்கொப். அளவு: 19 லீன். கூடு: ஆர்ஜந்தான், வெள்ளியன்று. வாங்கியவர்: என் பூட்டனார், மீரியபெத்தைத் தோட்டத் தொழிலாளி. பணம்: அவருடைய கைக்காசு. சாட்சி: அப்பாயி."

அந்தத் தாளில் திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.